வீடு ஒன்று, விலை மூன்று



ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தால், படப்பை மனைக்கும் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கும் நடுவே துபாய் அடுக்குமாடி ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. 'மாதம் 1 சதவீதம் கட்டினால் போதும்' என்று கொட்டை எழுத்தில் கூப்பிடுகிறது. நமக்கு வரும் கடிதங்களிலும் அந்தக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. "மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போகிறது. கும்பகோணத்தில் இருக்கும் மனையை விற்று, அங்கேயே ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிடலாமா? பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய இன்னொருவர், அங்கே வாங்கிப்போட்ட ஃபிளாட்டை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று கேட்கிறார்.

இந்தக் கடிதங்களில் வீட்டின் விலை இருக்கிறது, சதுர அடி இருக்கிறது, வங்கி வட்டிகூட இருக்கிறது. வரி, கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன். எண்கள் கொஞ்சம் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வீடு வாங்கியவர்களுக்குப் பதிவுச் செலவு மனப்பாடம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்திரம் எழுதுகிறவருக்குக் கொடுப்பது தனி. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சின்னச் சலுகை உண்டு. மற்றபடி சொத்தின் மதிப்பைப் பார்த்துத்தான் வரி. வாங்குகிறவர் எந்த ஊர்க்காரர், இது அவருக்கு எத்தனையாவது வீடு என்றெல்லாம் சார்பதிவாளர் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டில் வீடு பார்க்கப் போகிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். அங்கே பல அரசுகள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கின்றன.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 15 லட்சம் வெள்ளி விலையுள்ள ஒரு காண்டோ வீடு. அங்கே டாலரை நம் மக்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். யார் வாங்கினாலும் கட்டவேண்டிய முத்திரை வரி படிப்படியாக ஏறும். முதல் 1,80,000 வெள்ளிக்கு 1 சதவீதம், அடுத்த 1,80,000க்கு 2, அதற்கடுத்த 6,40,000க்கு 3, பிறகு வரும் 5 லட்சத்துக்கு 4. கூட்டினால் 44,600 வெள்ளி. 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லையே, நம் ஊரைவிடத் தேவலாமே என்று தோன்றும். ஆளைப் பார்க்கும் வரி இதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த வீட்டைச் சிங்கப்பூர்க் குடிமகன் தன் முதல் வீடாக வாங்கினால், கூடுதல் முத்திரை வரி கிடையாது. 44,600 வெள்ளியோடு முடிந்தது. நிரந்தரவாசி, அதாவது பி.ஆர். வைத்திருப்பவர் முதல் வீடாக வாங்கினால் 5 சதவீதம் கூடுதல். 75,000 சேர்ந்து 1,19,600 ஆகிறது. வேலை அனுமதியில் இருக்கும் நம் வாசகரின் மகன் வாங்கினால் 60 சதவீதம். அச்சுப்பிழை இல்லை, அறுபதேதான். 9 லட்சம் வெள்ளி. முந்தையதையும் சேர்த்தால் வரி மட்டும் 9,44,600 வெள்ளி, நம் பணத்தில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல். வீட்டுக் கதவின் சாவி மூவருக்கும் ஒன்றேதான்.

இந்த வரி 2011 டிசம்பரில் வெளிநாட்டினருக்கு 10 சதவீதமாகத் தொடங்கியது. 2013-ல் 15, 2018-ல் 20, 2021-ல் 30 என்று ஏறியது. 2023 ஏப்ரல் 26 அன்று, நள்ளிரவு நெருங்கும் வேளையில் அறிவிப்பு வந்தது. விடிந்தபோது 30 அறுபதாகியிருந்தது. அன்றுவரை விற்பவரிடம் 'ஆப்ஷன்' பத்திரம், அதாவது வீட்டை வாங்கும் உரிமை, வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும் சில வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

சிங்கப்பூர் அரசை இதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். மொத்தத் தீவும் சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. சொந்த மக்களுக்கு வீடு எட்டாக்கனியாகிவிடக் கூடாது என்று ஓர் அரசு வாசலில் நின்று மறித்தால் அது அதன் கடமை. குடிமக்களே இரண்டாவது வீடு வாங்கினால் 20 சதவீதம் கட்டுகிறார்கள். வருத்தமெல்லாம், இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிக்கும் நம்மவர்களைப் பற்றித்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கும், ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, ஸ்விட்சர்லாந்து நாட்டவர்களுக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான அதே விகிதம்தான். தடையற்ற வணிக ஒப்பந்தங்களில் அப்படி எழுதி வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் 2005-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தச் சலுகை இல்லை. ஆக, திருச்சியில் ஒன்றாகப் படித்த இரண்டு நண்பர்கள் சிங்கப்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கலாம். நடுவில் சில வருடம் கலிபோர்னியாவுக்குப் போய் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் 44,600 கட்டுவார், இந்திய பாஸ்போர்ட்டோடு நேராக வந்தவர் 9,44,600 கட்டுவார்.

ஆசிரியர் ஐயாவின் கடிதத்துக்கு வருகிறேன். 'என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்' என்ற அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குத் திக்கென்றது. அப்பா பெயரையோ மனைவி பெயரையோ பத்திரத்தில் சேர்ப்பது நமக்குப் பாசம், பாதுகாப்பு. சிங்கப்பூரில் பல பேர் சேர்ந்து வாங்கினால், அவர்களில் யாருக்கு அதிக விகிதமோ அதுவே மொத்த விலைக்கும் பொருந்தும். மகனுக்கு நாளை பி.ஆர். கிடைத்து, 5 சதவீதத்தில் வாங்கும் தகுதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் கும்பகோணத்து அப்பாவின் பெயர் ஏறினால், அவருக்குப் பங்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மொத்த விலைக்கும் 60 சதவீதம். கணவர் பி.ஆர்., மனைவி இன்னும் வெளிநாட்டவர் என்றாலும் இதே கதை. கணவன் மனைவியில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, இருவருக்கும் அது முதல் வீடாக இருந்தால் மட்டும் கூடுதல் வரியிலிருந்து விலக்கு கேட்கலாம்.

'99க்கு 1' என்று ஒரு குறுக்குவழி சில வருடங்களுக்கு முன் அங்கே பிரபலமானது. முதலில் ஒருவர் முழு வீட்டையும் தன் பெயரில் வாங்குவார். சில நாளில் ஒரு சதவீதத்தை மட்டும் இன்னொருவருக்கு விற்பார். கூடுதல் வரி அந்த ஒரு சதவீதத்துக்கு மட்டும்தான் என்று கணக்கு. வரித்துறை அந்தப் பத்திரங்களைத் தோண்டி எடுத்து, விட்டுப்போன வரியோடு அதில் பாதியை அபராதமாகவும் சேர்த்து வசூலித்தது. இப்படி யோசனை சொல்கிறவர் உங்கள் உறவினராகவே இருந்தாலும், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரியைக் கட்ட அங்கே தரும் அவகாசம், பத்திரம் அங்கேயே கையெழுத்தானால் 14 நாள். மறுவிற்பனை வீடென்றால், விலையில் 1 சதவீதத்துக்குக் காசோலை கொடுத்து ஆப்ஷன் பத்திரம் வாங்குவது வழக்கம். அதை நிறைவேற்றவும் பொதுவாக இரண்டு வாரம்தான். நிறைவேற்றாவிட்டால் அந்த 1 சதவீதம் போனது போனதுதான். நாம் பார்த்த 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். இதைத் தவிர, வெளிநாட்டவருக்கு அரசு கட்டிய அடுக்குமாடி வீடு கிடையாது. நிலத்தோடு கூடிய தனி வீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுதோறும் சொத்து வரி, அரசு கணிக்கும் வருட வாடகை மதிப்பில் 12 முதல் 36 சதவீதம் வரை. வாங்கி நான்கு வருடத்துக்குள் விற்றால், 2025 ஜூலை 4 முதல் வாங்கியவற்றுக்கு, முதல் வருடம் 16, பிறகு 12, 8, 4 என்று விற்பவர் கட்டும் வரி வேறு. மூலதன ஆதாய வரியும் வாரிசு வரியும் அங்கே இல்லை என்று தரகர்கள் சொல்வார்கள். உண்மைதான். உள்ளே நுழையும் வாசலில்தான் மொத்தத்தையும் வாங்கிவிடுகிறார்களே!

பாலத்தைத் தாண்டி ஜொகூரில் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு 2024-ல் 4 சதவீதமாக நிர்ணயித்த முத்திரை வரி, குடியிருப்பு வீடுகளுக்கு 2026 ஜனவரி முதல் 8 சதவீதமாகிவிட்டது. ஐந்து வருடத்துக்குள் லாபத்துக்கு விற்றால் லாபத்தில் 30 சதவீதம் அரசுக்கு.

ஆளைப் பார்க்கும் சட்டத்தின் உச்சம் இலங்கையில் இருக்கிறது. வெளிநாட்டவர் நிலம் வாங்கினால் நிலத்தின் மதிப்புக்குச் சமமாக, நூற்றுக்கு நூறு வரி என்று 2004-ல் கொண்டுவந்தார்கள். 2014-ல் வந்த சட்டம் நிலம் வாங்குவதையே தடுத்துவிட்டது. அடுக்குமாடி வீட்டை மட்டும், முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பினால், வாங்கலாம். யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் டொரன்டோவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்ற நம் வாசகர்கள் பலருக்கு இந்தச் சட்டத்தின் பார்வையில் 'வெளிநாட்டவர்' என்றுதான் பெயர். பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் ஒரு பரப்புக் காணி வாங்கவும் தடை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு, உயில் இல்லாமல் இறந்தவரின் நெருங்கிய உறவு என்ற முறையில் வாரிசாக வரும் சொத்துக்கும் உண்டு. ஊரில் காணி வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தை முடியுங்கள், காணி தரகரை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது துபாய். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் கூடத்தில் நடந்த வீட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் உயரக் கட்டடங்கள், நீல விளக்கில் நீச்சல் குளம், சுற்றிலும் பிளாஸ்டிக் பேரீச்சை. மேசைக்கு மேசை லேமினேட் செய்த விலைப்பட்டியல். அதன் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: நிலத்துறைக் கட்டணம் 4 சதவீதம், நிர்வாகக் கட்டணம் தனி. அடுத்த மேசையில் 'அந்த 4 சதவீதம் எங்கள் பொறுப்பு, இன்று பதிவு செய்தால் மட்டும்' என்ற பதாகை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "அது ஹேண்டோவருக்கு அப்புறம் சார்" என்று சிரித்தார் கோட் போட்ட தம்பி. பணம் எப்போது கேட்பார்கள் என்பதைச் சொன்னாரே தவிர, எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை.

துபாயில் வாசல் தாழ்வு. இந்தியரோ இங்கிலாந்துக்காரரோ, அனுமதித்த பகுதிகளில் எல்லோருக்கும் ஒரே கட்டணம். 15 லட்சம் திர்ஹம் விலையுள்ள, கட்டி முடித்த ஃபிளாட்டுக்கு நிலத்துறைக் கட்டணம் 60,000. விதிப்படி இதை வாங்குபவரும் விற்பவரும் பாதி பாதி ஏற்க வேண்டும், நடைமுறையில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான். தரகர் கமிஷன் வழக்கமாக 2 சதவீதம், 30,000. அதன்மேல் 5 சதவீத வாட் 1,500. பதிவு செய்துகொடுக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட் சேர்த்து 4,200. மொத்தம் 95,700 திர்ஹம். கடன் வாங்கினால் கடன் தொகையில் 0.25 சதவீதம் பதிவுக்கு. சில்லறைக் கட்டணங்களையும் சேர்த்துச் சுமார் ஆறரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது இலவசம் போலத் தெரியும்.

செலவு உள்ளே போன பிறகு ஆரம்பிக்கிறது. சொத்து வரி என்ற பெயரில் ஒன்றும் இல்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக் கணக்கில் வருடா வருடம் வரும். சதுர அடிக்கு 15 திர்ஹம் என்று வைத்துக்கொண்டாலும் 800 சதுர அடி வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000. வீடு பூட்டிக் கிடந்தாலும் கட்ட வேண்டும். குடியிருப்பவரின் மின்சார, தண்ணீர் பில்லோடு வருட வாடகை மதிப்பில் 5 சதவீதத்தை மாதம் மாதம் பிரித்து வாங்கிவிடுவார்கள். பல கட்டடங்களில் குளிரூட்டும் செலவுக்குத் தனி பில். 'வாடகை வருமானம் 8 சதவீதம்' என்று கண்காட்சியில் சொல்கிறவரிடம், இதையெல்லாம் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா என்று கேளுங்கள்.

வெளிநாட்டுச் செலவை இவ்வளவு கணக்குப் போடுகிறவர்கள்கூட நம் நாட்டு முனையை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் ரிசர்வ் வங்கித் திட்டப்படி அனுப்பக்கூடியது 2,50,000 அமெரிக்க டாலர் வரைதான். அதற்காக இங்குள்ள வங்கி கடனும் தராது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துவைக்கும். இரண்டு கோடி ரூபாய் அனுப்பினால் 38 லட்சம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரின் 38 லட்சம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பது சின்ன விஷயமா? கண்காட்சி மேசையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து டோக்கன் கட்டுவது இன்னும் ஆபத்து. வெளிநாட்டில் சொத்து வாங்கப் பணம் வங்கி வழியாக, ஏ2 படிவத்தில் காரணத்தைச் சொல்லித்தான் போக வேண்டும்.

ஆசிரியர் ஐயா கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. மனையை விற்ற பணத்தை விதிப்படி ஒரு வீட்டில் போட்டால் லாபத்துக்கு வரிவிலக்கு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வீடு இந்தியாவில் இருந்தாக வேண்டும். கும்பகோணம் மனையை விற்றுச் சிங்கப்பூரில் வாங்கினால் இங்கே ஆதாய வரி, வழியில் 20 சதவீதப் பிடித்தம், அங்கே 60 சதவீதம் என்று ஒரே பணம் மூன்று சுங்கச்சாவடி தாண்ட வேண்டும். ஐயா, உங்கள் மகனுக்குப் பி.ஆர். வரும்வரை வாடகையே மலிவு. வந்த பிறகு அவர் பெயரில் மட்டும் வாங்கட்டும், நீங்கள் முடிந்ததை அன்பளிப்பாக அனுப்புங்கள். அப்போதும் 20 சதவீதப் பிடித்தம் இருக்கும், அது உங்கள் கணக்கில் திரும்பும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவருக்கு: அங்கே வசித்தபோது வாங்கிய வீட்டை நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. திரும்பிய தொடக்க வருடங்களுக்கான சலுகை முடிந்து முழு 'வசிப்பவர்' ஆன பிறகு, துபாய் வாடகைக்கு இங்கே உங்கள் வருமான வரி அடுக்குப்படி வரி உண்டு. வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியே ஆக வேண்டும். சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர். 1 படிவம் இதற்கு உதவாது. வரி ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், சொத்தைக் காட்டாமல் விட்டதற்கு மட்டும் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கக் கறுப்புப் பணச் சட்டத்தில் இடமிருக்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற கேள்விக்கு என் பதில்: பராமரிப்புக் கட்டணத்தையும் இந்திய வரியையும் கழித்த பின் மிஞ்சுவது உள்ளூர் வங்கி வைப்பு வட்டியைவிடக் குறைவென்றால், விற்றுவிடுங்கள்.

இங்கே சொன்ன விகிதங்கள் எல்லாம் இந்த இதழ் அச்சுக்குப் போகும்போது உள்ள நிலவரம். சிங்கப்பூர் வரித்துறையின் இணையதளத்தில் முத்திரை வரியைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி இருக்கிறது, பைசா செலவில்லை. வெளிநாட்டில் வீடு வாங்கத் தீர்மானித்த வாசகர்கள், அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் தங்கள் குடியுரிமையையும் பத்திரத்தில் வரப்போகும் எல்லாப் பெயர்களையும் கொடுத்து வரியைப் பாருங்கள். பிறகு, விற்பவர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு வக்கீலிடமும் இங்குள்ள உங்கள் ஆடிட்டரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். அதுவரை யாருக்கும் முன்பணக் காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்